ஒரு சொட்டுத் தாய்

கம்பெனி கேன்டீனில் வளைகாப்பு நடந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தீயணைப்புக் கருவியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கேமராக்காரர் கைகாட்டும்போதெல்லாம் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம் என்று வரிசையாக எவர்சில்வர் அண்டாக்கள். அத்தனையும் மார்க்கெட்டிங் செலவு. நடுவில் மணையில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். அவள் வயிற்றில் இருக்கும் குழந்தை பிழைக்காது என்று அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்காவது தெரியும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பெருந்துறைப் பக்கம் இருந்த 'அரும்பு பயாலஜிக்கல்ஸ்' கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். டப்பாவுக்குள் போகிற சரக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்தால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். செய்யாவிட்டால் கொட்டச் சொல்லிச் சண்டை போட வேண்டும். சண்டை எனக்கு நன்றாக வரும். வளையல் போட என்னைக் கூப்பிடவில்லை. விவாகரத்து ஆனவள் கை படக்கூடாதாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மூடநம்பிக்கைக்கு நான் மனசார நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

செம்புள்ளிக் காய்ச்சல் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டெங்கு காலத்திலேயே நம் ஊரில் பிளேட்லெட் என்பது பப்பாளி இலைச் சாற்றோடு சேர்ந்து எல்லார் வாயிலும் புழங்கும் சொல்லாகிவிட்டது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய அந்தத் தட்டணுக்கள் டெங்குவில் எண்ணிக்கையில் குறையும். செம்புள்ளியில் குறையாது. எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், குழந்தை ஓடி விளையாடும், மறுநாள் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும், அதற்குப் பிறகு டாக்டர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தட்டணுவின் மேல்தோலில் ஒரு புரதம் உண்டு. காயத்தில் போய் ஒட்டிக்கொள்வதற்கு அதுதான் கை மாதிரி. செம்புள்ளி அந்தப் புரதத்தை உதிர்த்துவிடும். உதிர ஆரம்பிக்கும்போதே கண்டுபிடித்தால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம்.

அதற்குத்தான் எங்கள் கிட். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் விட்டால், கோடு அழுத்தமாக விழுந்தால் நிம்மதி, மங்கலாக விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எங்களுக்கு முன்னால் வேறொரு கம்பெனி தொட்டியில் செல் வளர்த்து ஒரு கிட் கொண்டுவந்தது. அது பல குழந்தைகளுக்குத் தப்பாகக் காட்டி, சாவுகள் நடந்து, 'மெஷின் கிட்' என்றாலே ஜனங்கள் காறித் துப்பினார்கள். அதற்குப் பிறகு எங்களுடையது வந்தது. டப்பாவின் மேல் ஒரு தாய் குழந்தையை அணைத்திருக்கும் தங்கநிற முத்திரை. கீழே, 'ஒரு தாயின் ரத்தம், உங்கள் குழந்தைக்குக் காவல்.' மருந்துக்கடையில் மட்டுமல்ல, மரச்செக்கு எண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் விற்கிற கடைகளிலும் அதை அடுக்கி வைத்திருப்பார்கள்.

மணையில் உட்கார்ந்திருந்தாளே, மோனிஷா, அவள்தான் அந்தத் தாய். சென்னிமலைக்காரி. புருஷன் தீனதயாளன் தறி ஓட்டுகிறான்.

கேமராக்காரர் நரைத்த தாடிக்காரர், ஈரோட்டிலிருந்து வந்தவர். இடைவேளையில் ஒரு தட்டில் புளி சாதத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பொண்ணு ரத்தத்துல அப்படி என்னங்க விசேசம்?"

"அவளுக்கு அந்தப் புரதமே பிறவியிலேருந்து கிடையாது. ரொம்ப அபூர்வமா சில பேருக்கு அப்படி இருக்கும். பிறவியிலேயே இல்லாததால உடம்பு வேற புரதத்தை வெச்சு சமாளிச்சுக்கும், அவளுக்கு அதனால ஒரு குறையும் இல்ல."

"இல்லாத ஆளுகிட்ட இருந்து என்னத்தைங்க எடுக்கறாங்க?"

"வயித்துல இருக்கிற குழந்தைக்கு அப்பா வழியா அந்தப் புரதம் வந்திருக்கும். இவ உடம்பு அதைப் பாத்துட்டு, யாரோ வெளியாள் நுழைஞ்சுட்டான்னு எதிர்த்து ஆன்டிபாடி உண்டாக்கும். அந்த ஆன்டிபாடி அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும், வேற எதையும் தொடாது. அதைத்தான் பிரிச்செடுத்து, சாயம் ஏத்தி, பட்டையில தடவறோம்."

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "ஏனுங்க, அப்ப அது வயித்துல இருக்கற கொழந்தைய என்ன பண்ணும்?"

"தேடிப் போய் ஒட்டும். அந்தக் குழந்தையோட பிளேட்லெட் எல்லாம் அழியும். தலைக்குள்ள ரத்தம் கசியும்."

"நிக்குமுங்களா?"

"மூத்த பையன் நிக்கல. ரெண்டாவது பொண்ணு, பொறந்து கண்ணு முழிச்சுது, அதுவும் நிக்கல. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபாடி முன்னைவிட வீரியமா வரும். கம்பெனிக்கு அது நல்லது."

அவர் தட்டை அப்படியே குப்பைக் கூடையில் போட்டார். அந்த நேரம் பார்த்து எம்.டி.யின் மனைவி உமாமகேஸ்வரி, "அண்ணா, பொண்ணு வயித்துல கை வெச்ச மாதிரி ஒரு போட்டோ எடுங்கண்ணா" என்று குரல் கொடுத்தார். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய் எடுத்தார். என்ன செய்வார், வந்த வேலை அது.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அன்றைக்கு ரத்தம் எடுக்கும் முறை. சந்தனம் காய்வதற்குள் மோனிஷாவை மாடிக்கு அழைத்துப் போய்ச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றி, மஞ்சளாக இருக்கிற திரவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப ஏற்றுவார்கள். நர்ஸ் முழங்கை மடிப்பில் நரம்பு தேட வசதியாக வளையல்களை ஒதுக்கினாள், அவை மறுபடி சரிந்தன, மறுபடி ஒதுக்கினாள். கடைசியில் ஒரு பிளாஸ்டரை எடுத்து வளையல்களைக் கையோடு சேர்த்து ஒட்டினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்றுதான் வந்தேன். நர்ஸ் அடுத்த அறைக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

"மோனிஷா, நான் சொல்றதை நல்லா கேளு. இந்தக் குழந்தையைக் காப்பாத்த முடியும். ஒரு ஊசி மருந்து இருக்கு. வாரா வாரம் சலைன் ஏத்தற மாதிரி ஏத்துவாங்க. ஆயிரக்கணக்கான பேரோட ரத்தத்திலேருந்து பிரிச்ச ஆன்டிபாடி அது. அந்தக் கூட்டத்துல உன்னோடது முட்டி மோதி, குழந்தைகிட்ட போய்ச் சேர்றது குறைஞ்சுடும். இப்ப ஆரம்பிச்சாலும் பலன் உண்டு."

அவள் ஆச்சரியப்படுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தெரியுமுங்க மேடம்."

"என்ன தெரியும்?"

"அந்த ஊசியப் பத்தித்தானுங்க. நம்ம எம்.டி. டாக்டரய்யாவே சொன்னாருங்க. போட்டுக்கறதுன்னா போட்டுக்கோ கண்ணு, உன் இஷ்டம்னுட்டாருங்க. ஆனா போட்டா என்ற ரத்தத்துல ஊராரு ரத்தம் கலந்துருமாமா. டெஸ்ட்டுக்கு ஆகாதாமா. காய்ச்சல் பரவற இந்த மழைக்காலத்துக்கு டப்பா வராதாமா."

எனக்கு உச்சந்தலையில் சூடேறியது. மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் பிள்ளையா ஊரார் பிள்ளையா என்று கேட்டிருக்கிறான் மனுஷன். இவள் என்ன பதில் சொல்வாள் என்று தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான்.

"உனக்கு இந்தக் குழந்தை வேணாமா?"

"ஏனுங் மேடம் அப்படிக் கேக்கறீங்க? தெனமும் ஒதைக்குதுங்க. இப்பக்கூடப் பாருங்க." என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். நான் வைத்துக்கொண்டேன். உதைத்தது.

"அப்புறம் என்ன?"

"மூத்தவன் போனப்ப நானும் செத்துப் போலாம்னுதானுங்க இருந்தேன். அப்பத்தான் டாக்டரய்யா ஊட்டுக்கே வந்தாருங்க. உன்ற பையன் போனதுல உண்டான மருந்தும்மா இது, இதால எத்தனையோ கொழந்தைக பொழைக்கப் போகுதுன்னாருங்க. அதைப் புடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். எங்க வீதியில தறிக்காரரு பையன், எங்க சித்தி பேத்தி, எல்லாம் அந்த டப்பாவுல பாத்துப் பொழைச்சதுங்க. மருந்துக்கடையில அந்த டப்பாவப் பாத்தா, என்ற கொழந்தைக ரெண்டும் அங்க உக்காந்திருக்கற மாதிரி இருக்குமுங்க. இப்ப ஊசி போட்டு இதை மட்டும் காப்பாத்திக்கிட்டு, மழைக்காலத்துல மத்த கொழந்தைகெல்லாம் எப்படியோ போகட்டும்னு உட்டா, இதைத் தூக்கிக் கொஞ்ச எனக்குக் கையி வருமுங்களா?"

மெஷின் பைக்குள் மஞ்சள் திரவம் இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் திரும்பி வந்து, "சிரிச்ச முகமா இருங்க, அப்பத்தான் கொழந்த அழகாப் பொறக்கும்" என்று அவளிடம் சொன்னாள். அவளை அறைந்திருப்பேன்.

நேராக எம்.டி. அறைக்குப் போனேன். டாக்டர் கனகசபாபதி குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நெற்றியில் சின்னதாகத் திருநீறு, எதிரே யார் வந்தாலும் எழுந்து நின்று 'வாங்க' என்பார். என்னையும் அப்படித்தான் வரவேற்றார். கேட்காமலே டீ வரவழைத்தார். நாட்டுச்சர்க்கரை போட்ட டீ. எனக்கு அந்த வாசனையே பிடிக்காது.

"சார், மோனிஷாகிட்ட ரத்தம் எடுக்கறதை இன்னியோட நிறுத்துங்க. அவளுக்கு அந்த ஊசி போட ஏற்பாடு பண்ணுங்க."

"அவங்களே வேண்டாம்னுட்டாங்களே மேடம். நாம கட்டாயப்படுத்த முடியுங்களா?"

"நீங்க கேட்ட விதத்துல கேட்டா யாரும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. கிட் நின்னா நிக்கட்டும் சார். ஒரு வருஷம் வேற வழி பார்ப்போம். தொட்டியில வளர்க்கிற முறையை நாமும் முயற்சி பண்ணலாம். நானே பொறுப்பு எடுத்துக்கறேன். பெண்ணை நிறுத்தி வெச்சுப் பால் கறக்கிற மாதிரி..."

"உக்காருங்க, உக்காருங்க." அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "கிட் எதுக்கு மேடம் நிக்கப் போகுது?"

"புரியலை."

"தொட்டியில வளக்கற முறை நமக்கு வந்து ரொம்ப நாளாச்சுங்க. மூத்த கொழந்த போனப்ப மோனிஷாகிட்ட எடுத்த ரத்தத்துல இருந்தே அந்த ஆன்டிபாடிய உண்டாக்கற செல்லைப் பிரிச்சுட்டோம். பின்னாடி பில்டிங்ல தொட்டியில வளந்துட்டு இருக்குது. அந்தப் பழைய கம்பெனிக்காரன் எலி செல்லை வெச்சுட்டு மாரடிச்சான். நம்முளுது மனுச செல்லு. முதல் பேட்ச் மட்டுந்தான் அவங்க ரத்தத்துல பண்ணுனது. அதுக்கப்புறம் நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பற பேட்ச் எல்லாமே தொட்டிச் சரக்குதானுங்க. ஒரு வித்தியாசமும் தெரியலையே உங்களுக்கு?"

தெரியவில்லை. வித்தியாசம் இருந்தால்தானே தெரியும்? என்னிடம் வருவது நம்பர் ஒட்டின குப்பி. எங்கிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்காது, எழுதக்கூடாது என்பது முறை, நானே கொண்டுவந்த முறை. பார்க்கிறவர் மனசு ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதற்காக.

"அப்ப இவளை எதுக்கு..."

"முத்திரைக்குங்க."

"என்ன?"

"டப்பா மேல தாய் முத்திரை இருக்குதுங்களே. அது இல்லீன்னா ஒரு டப்பா நகராது. மெஷின் கிட்டுன்னு ஒரு வார்த்தை வாட்ஸப்புல வந்தாப் போதும், முடிஞ்சுது. நம்ம ஜனங்க எண்ணெய் வாங்கினாலே செக்கு எண்ணெய்தான்ங்கறாங்க, கொழந்தைக்குன்னா விடுவாங்களா? முத்திரை குடுக்கற வாரியம் என்ன கேக்குதுன்னா, அந்தந்த வருசத்துச் சரக்குல அந்தந்த வருசம் எடுத்த தாயோட ரத்தம் இருக்கோணும். தாய்னா கர்ப்பமா இருக்கறப்ப எடுத்தது. எவ்வளவுன்னு விதியில இல்லீங்க. தொட்டிக்கு ஒரு சொட்டு உட்டாலும் சரிதான். ஊசி போட்டுட்டா அது கலப்படம்னு தள்ளிருவாங்க."

"ஒரு சொட்டுக்காகவா சார்?"

"அது இல்லாம டப்பால தாயின் ரத்தம்னு போட்டா பொய்யாயிருமுங்களே மேடம்." உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எங்கப்பா காலத்துல இருந்து யாவாரத்துல ஒரு பொய் சொன்னதில்லைங்க நாங்க."

கோபம்கூட வரவில்லை. சாப்பாட்டில் எதையோ பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. மேஜையில் இருந்த டீயைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். அவரும் எழுந்து, கதவுவரை வந்து, "பொறுமையா யோசிச்சுப் பாருங்க" என்றார். கும்பிட்டார்கூட.

மறுநாள் காலையில் சென்னிமலைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரே வெறி, இந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும். உண்மை தெரிந்தால் ஊசி போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷ வேலையில் இல்லாததை இருக்கிறது என்று எழுதித் தரச்சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் எழுதித் தந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

தீனதயாளன் தறிக்குப் போயிருந்தான். அந்த வீதி முழுக்கத் தறிச் சத்தம். மோனிஷா என்னைப் பார்த்துப் பதறிப்போய்ப் பாயை விரித்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கன்னத்தில் முந்தின நாள் சந்தனம் ஓரமாக மிச்சம் இருந்தது.

"வளையல் அழகா இருக்குதுங்களா மேடம்? எங்க மாமியாரு ரொம்பச் சந்தோசப்பட்டாங்க. கம்பெனியே இப்படிப் பண்ணுதேன்னு."

"மோனிஷா, நீ ஊசி போட்டுக்கலாம். டப்பா நிக்காது."

"எப்படீங்க?"

சொன்னேன். தொட்டியைச் சொன்னேன், செல்லைச் சொன்னேன், முத்திரையைச் சொன்னேன், ஒரு சொட்டைச் சொன்னேன். கனகசபாபதி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் நடுவில் குறுக்கிடவில்லை. புரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, புரியாத இடத்தில் வேறு மாதிரி சொன்னேன். நன்றாகவே விளக்கினேன்.

"அப்ப மூத்தவன்?" என்றாள்.

"அவன் போனப்ப எடுத்த ரத்தத்திலேருந்துதான் எல்லாமே வந்துது. நீ நினைக்கிறது சரிதான். தறிக்காரர் பையன் பிழைச்சது உன் மூத்த பையனால."

"அந்தப் பொண்ணு?"

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சொல்லுங்க மேடம். ரெண்டாவது பொண்ணு, கண்ணு முழிச்சுப் பாத்துது. அது எதுக்குங்க?"

"தேவைப்படல, மோனிஷா. அப்ப தொட்டி தயாராயிடுச்சு. முத்திரைக்காகத்தான்."

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். மறுபடி ஓங்கரித்தாள். நான் போய்ப் பிடிக்கலாமா என்று எழுந்து, நிலைப்படியில் நின்றுவிட்டேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எந்த ஆஸ்பத்திரிங்க?"

கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சகாயமேரி எனக்குத் தெரிந்தவர். இவ்வளவு தாமதமாகக் கூட்டி வந்தாயா என்று என்னை வராந்தாவில் நிற்கவைத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே அன்றைக்கே மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். வாரா வாரம் நானே காரில் கூட்டிப் போனேன். போகும்போதும் வரும்போதும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். வேலையை விட்டேன். புகார் கொடுத்தேன், அது விசாரணையில் இருக்கிறது, இருந்துகொண்டே இருக்கும்.

பிரசவத்துக்கு முன்னாலேயே ஒரு பத்திரிகைக்காரரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியைப் பற்றி அவர்கள் போடவில்லை. கம்பெனி மறுத்துவிட்டது, ஆதாரம் போதாதாம். தாயைப் பற்றி மட்டும் போட்டார்கள். பக்கம் முழுக்க அவள் கதை, பெயர் மாற்றி, வளைகாப்புப் படத்தில் முகத்தை மறைத்து. அந்த வாரம் அரும்பு கிட் விற்பனை கூடிப்போனது. நிஜமாகவே தாயின் ரத்தம்தான் என்று நிரூபணமாகிவிட்டதாம். எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு அம்மாள், நல்லவர், கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவர், "பாவம்ங்க அந்தப் பொண்ணு. ஆனா பாருங்க, தாயோடதுன்னா தாயோடதுதான்" என்று சொல்லி இரண்டு டப்பா வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருப்பதைக் காட்டினார். படிக்கட்டேறி வந்துவிட்டேன். இந்த ஜனங்களுக்காகவா என்று இருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் அதே மாதிரி புரதம் இல்லாத வேறொரு பெண் கிடைத்துவிட்டதாகப் பழைய சகஊழியர் ஒருவர் போனில் சொன்னார். அவளுக்கு வளைகாப்பு இன்னும் பெரிதாக நடந்ததாம்.

மோனிஷாவுக்குப் பெண் குழந்தை. பிளேட்லெட் குறைவாகத்தான் இருந்தது, ஏற்றினார்கள், தேறிவிட்டது. தலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கசிவு எதுவும் இல்லை என்று டாக்டர் சகாயமேரி சொன்னபோது நான் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்து மேஜைக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போனேன். ஒரு கவுனும் கிலுகிலுப்பையும் வாங்கிப் போயிருந்தேன். தீனதயாளன் என்னைக் கண்டதும் காலைத் தொடாத குறை. காபி வாங்கி வருகிறேன் என்று கடைக்கு ஓடினான். குழந்தை தொட்டிலில் கொழுகொழு என்று படுத்திருந்தது. மோனிஷா மடித்துக்கொண்டிருந்த துணிகளைத் தொடர்ந்து மடித்தாள். குழந்தையை எடுத்து என்னிடம் கொடுக்கவில்லை.

"பாத்துக்கங்க மேடம். நல்லா இருக்குது."

"நீ எப்படி இருக்கே?"

"இருக்கனுங்க."

"என் மேல ஏதாவது வருத்தமா?"

அவள் ஒரு துணியை மடித்து முடித்து மேலே வைத்தாள்.

"மூத்தவன நெனச்சா மனசு ஒரு மாதிரி ஆறிடுதுங்க. அவனால பத்துக் கொழந்தைக இருக்குது. அந்தப் பொண்ண நெனச்சாத்தானுங்க முடியல. முன்னெல்லாம் அதையும் அப்படித்தான் நெனச்சுட்டுத் தூங்குவேன். இப்ப இதுக்குப் பால் குடுக்கறப்பெல்லாம் அது மொகந்தான் வருது. ஒண்ணுத்துக்கும் ஆகாமப் போச்சேன்னு."

"உண்மை உனக்குத் தெரிய வேண்டாமா மோனிஷா? தெரியாம இருந்திருந்தா நீ ஊசி போட்டிருப்பியா? இந்தக் குழந்தை இருந்திருக்குமா?"

"போட்டிருப்பனுங்க."

"எப்படி?"

"டாக்டர் புது மாதிரி ஊசி கண்டுபுடிச்சிருக்காங்க, இதப் போட்டாலும் ரத்தம் கெடாது, கொழந்தையும் பொழைக்கும், டப்பாவும் வரும்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா, நான் நம்பியிருப்பேன். எனக்கென்னங்க தெரியும்? நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா நம்பியிருப்பேன். இதும் இருந்திருக்கும், அந்தப் பொண்ணு வீணாப் போகலைங்கற நெனப்பும் எனக்கு இருந்திருக்கும்." அவள் குரல் உயரவே இல்லை. "டாக்டரய்யாவுக்கும் ஒரு பொய் சொல்ல வாய் வரல. உங்களுக்கும் வரல."

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அவள் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள்.